பட்டறைப் பதில்கள்: கிராங்கு ஓடும் கோடு நேராக இருக்கிறதா?

தடைக்காலம் நெருங்கிவிட்டால் தூத்துக்குடி மாவட்டத்தில் இன்ஜின் பிரிக்காத பட்டறையைப் பார்ப்பது அரிது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில் நிற்கும். ஆண்டு முழுவதும் ஓய்வில்லாமல் ஓடிய டீசல் இன்ஜின்களைத் திறந்து பார்க்க அதுதான் நேரம். இம்முறை வந்த கேள்விகளில் பெரும்பாலானவை ஒரே இடத்தைச் சுற்றியே வந்திருக்கின்றன: பிளாக்கில் மெயின் மெட்டல் (கிராங்கைத் தாங்கும் பேரிங்) உட்காரும் துளைகள். ஆகவே இந்த முறை முழுக்க மெயின் லைன்தான்.

அண்ணாச்சி, படகு இன்ஜினைப் பிரிச்சிருக்கோம். மெயின் மெட்டலை மட்டும் மாத்தினா போதும்னு ஒரு மெக்கானிக் சொல்லுதாரு. லைன் போரிங் போட்டே ஆகணும்னு இன்னொருத்தர் சொல்லுதாரு. யாரு சொல்லுதது சரி?
— விசைப்படகு உரிமையாளர், தூத்துக்குடி

அளந்து பார்த்தவர் சொல்வது சரி. இருவரும் அளக்கவில்லை என்றால் இருவர் பேச்சையும் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

ஆறு சிலிண்டர் டீசல் இன்ஜினில் பொதுவாக ஏழு மெயின் இருக்கும். ஒவ்வொரு துளையின் மேல் பாதி பிளாக்கிலும் கீழ்ப் பாதி கேப்பிலும் இருக்கும். இரண்டையும் போல்ட் போட்டு இறுக்கினால்தான் முழு வட்டம் கிடைக்கும். அந்த ஏழு வட்டமும் மூன்று விதத்தில் சரியாக இருக்க வேண்டும். வட்டமாக இருக்க வேண்டும். கம்பெனி சொன்ன அளவில் இருக்க வேண்டும். ஏழின் மையமும் ஒரே நேர்கோட்டில் வர வேண்டும். மூன்றும் சரி என்றால் மெட்டலை மாற்றிப் பூட்டுங்கள். ஒன்று தவறினாலும் புது மெட்டல் போடுவது வீண் செலவு. அடுத்த தடைக்காலம் வரை அது தாங்காது.

இரும்புப் பிளாக் போய் எப்படிக் கோணும்? நம்பவே முடியலையே!
— டிராக்டர் ஓட்டுநர், ஏரல்

கோணும். முதல் காரணம் சூடு. தண்ணீர் இல்லாமல் ஓடி ஒருமுறை கொதித்த பிளாக், ஆறிய பிறகு பழைய வடிவத்துக்கே திரும்பும் என்று உறுதி சொல்ல முடியாது. இரண்டாவது காரணம் எண்ணெய். எண்ணெய் வராமல் மெட்டல் கிராங்கோடு ஒட்டிச் சுற்றினால், துளையின் சுவரையே அரைத்துவிடும். மூன்றாவது காரணம் அடி. ஒவ்வொரு வெடிப்பும் பிஸ்டனைத் தள்ளும்போது அந்த விசையை மெயின் கேப்தான் வாங்குகிறது. பாரம் அதிகமாகி, ஆர்.பி.எம். குறைந்து, கியரை மாற்றாமல் திணறத் திணற இழுத்தால் கேப் நாளடைவில் நீளவாக்கில் விரியும். மேலும் கீழும் துளை பெரிதாகி, பக்கவாட்டில் ஒடுங்கும். நான்காவது காரணம் மனிதக் கை: கேப்பை இடம் மாற்றிப் போடுவது, டார்க் ரெஞ்ச் இல்லாமல் பலத்தை மட்டும் நம்பி முறுக்குவது.

கேப்பை இடம் மாத்திப் போட்டா என்ன ஆகும்?
— பயிற்சி மெக்கானிக், குரும்பூர்

துளை வட்டமாக இருக்காது. பிளாக்கோடு கேப்பைப் பூட்டித்தான் கம்பெனியில் துளை போடுகிறார்கள். ஆகவே மூன்றாம் கேப் மூன்றாம் இடத்துக்கு மட்டுமே பொருந்தும். அதுவும் ஒரே திசையில். கழற்றும் முன்பே எண் இருக்கிறதா, அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் நீங்களே எண் குத்திவிட்டுக் கழற்றுங்கள். வேறு பிளாக்கின் கேப்பைக் கொண்டுவந்து பூட்டினால் லைன் போரிங் கட்டாயம்.

லைன் போரிங், லைன் ஹோனிங் ரெண்டும் ஒண்ணுதானா?
— லேத் பட்டறைக்காரர், சாத்தான்குளம்

இரண்டும் வேறு. போரிங்கில் ஒரே நீளத் தண்டு எல்லா மெயின் துளை வழியாகவும் போகும். அதில் பொருத்திய வெட்டுளி துளைகளைக் கடையும். எந்தக் கோட்டில் தண்டை நிறுத்துகிறோமோ அந்தக் கோட்டில்தான் துளை விழும். பழைய துளை எங்கே சாய்ந்திருந்தாலும் அது கவலைப்படாது. ஹோனிங்கில் தண்டில் பதித்த உராய்வுக் கற்கள் இருக்கும். அவை இருக்கிற துளையையே பற்றிக்கொண்டு மெல்லத் தேய்க்கும். சிறு கோணலை நேராக்கும். ஆனால் மையத்தைப் பெரிதாக நகர்த்தாது.

கேப் புதிது, வெல்டிங் போட்டு நிரப்பிய துளை, மெட்டல் சுற்றி அரைத்த துளை என்றால் போரிங். ஓரிரு தௌ (ஒரு தௌ 0.025 மி.மீ.) மட்டும் விலகல் என்றால் ஹோனிங் போதும். சில இடங்களில் முதலில் போரிங் போட்டு, கடைசிச் சிறு அளவை மட்டும் ஹோனிங்கில் எடுப்பார்கள். அது நல்ல வழக்கம்.

அளக்கணும் அளக்கணும்னு சொல்லுதிய. எப்படி அளக்கணும்னு ஒரு தடவை சொல்லிருங்களேன்.
— பயிற்சி மெக்கானிக், திருச்செந்தூர்

மெட்டல் எதுவும் இல்லாமல் வெறும் கேப்பை மட்டும் அதனதன் இடத்தில் வையுங்கள். போல்ட் மரையைத் துடைத்து, சொட்டு எண்ணெய் விட்டு, மேனுவலில் உள்ள டார்க்குக்கு முறுக்குங்கள். முறுக்காமல் அளந்த அளவுக்கு மதிப்பில்லை. பிறகு டயல் போர் கேஜை மைக்ரோமீட்டரில் நிறுத்தி, ஒவ்வொரு துளையையும் மூன்று திசையில் அளங்கள்: நேர் மேல்-கீழ், இடச்சாய்வு, வலச்சாய்வு. கேப்பும் பிளாக்கும் சேரும் கோட்டின் மேல் கேஜ் படக் கூடாது. அங்கே அளவு ஏமாற்றும்.

ஏழு துளைக்கு மூன்று திசை வீதம் 21 எண் கிடைக்கும். அவற்றைத் தாளில் எழுதுங்கள். மனக்கணக்கு வேண்டாம்.

நேர்கோடு தெரிய, கேப்பைக் கழற்றிவிட்டு, கிரைண்டிங் செய்த நேர்ச்சட்டம் ஒன்றை மெயின் துளைகளின் மேல் பாதியில் நீளவாக்கில் வையுங்கள். எண்ணெய்க்கான இடைவெளியில் பாதி கனமுள்ள ஃபீலர் கேஜை எடுத்து ஒவ்வொரு துளையிலும் சட்டத்துக்கு அடியில் நுழைத்துப் பாருங்கள். எங்காவது அது நுழைந்தால் அங்கே கோடு விலகியிருக்கிறது.

எவ்வளவு விலகினா பரவாயில்லை, எவ்வளவு விலகினா போரிங்?
— அதே வாசகர்

பேரிங் தயாரிப்பாளர்கள் பொதுவாகக் கொடுக்கும் வரம்பு இது. பக்கத்துப் பக்கத்துத் துளைகளுக்கு இடையே ஒரு தௌ, அதாவது 0.025 மி.மீ. முதல் துளையிலிருந்து கடைசித் துளை வரை மொத்தம் இரண்டு தௌ. கனரக வேலை பார்க்கும் இன்ஜினுக்கு இதில் பாதிதான் அனுமதி. விடிய விடிய முழுப் பாரத்தில் ஓடும் படகு இன்ஜினைக் கனரகக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும். வட்டத்திலும் ஒரு தௌவுக்கு மேல் கோணல் கூடாது. பக்கவாட்டு அளவு மேல்-கீழ் அளவைவிடப் பெரிதாக இருந்தால் அதைவிடக் குறைவான கோணலைக்கூட ஏற்கக் கூடாது. உங்கள் இன்ஜினின் மேனுவலில் தனி அளவு இருந்தால் அதற்கே முதலிடம்.

ஒரு தௌவுக்காக இவ்வளவு அலையணுமா அண்ணாச்சி?
— பம்புசெட் விவசாயி, ஆத்தூர்

அலையத்தான் வேண்டும். ஒரு தௌ என்பது நம் தலைமுடியின் தடிமனில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று. கண்ணுக்குத் தெரியாது, கைவிரலுக்கும் பிடிபடாது. ஆனால் கிராங்குக்கும் மெட்டலுக்கும் நடுவே எண்ணெய் நிற்கும் இடைவெளி எவ்வளவு என்று பாருங்கள். ஜர்னல் (மெட்டலுக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) விட்டத்தில் ஒரு அங்குலத்துக்கு ஒரு தௌ என்பது நெடுநாள் கணக்கு. மூன்று அங்குல ஜர்னலுக்கு மொத்தமே மூன்று தௌ. நடுத்துளை இரண்டு தௌ இறங்கியிருந்தால் அந்த இடைவெளியில் பெரும்பங்கு அங்கேயே போய்விடும். மிச்சத்தில் எண்ணெய் நிற்காது. எண்ணெய் நிற்காத இடத்தில் உலோகம் உலோகத்தைத் தின்னும்.

எண்ணெயிலேயே கிராங்கு மிதக்குதுன்னு சொல்லுதாவ. உண்மையா, சும்மா சொல்லுத பேச்சா?
— பள்ளி ஆசிரியர், நாசரேத்

முழு உண்மை. அதைக் கண்டுபிடித்த கதையும் பாடம் நடத்தத் தக்கது. 1883-ஆம் ஆண்டையொட்டி இங்கிலாந்தில் பீச்சம் டவர் என்ற பொறியாளர் ரயில் அச்சு பேரிங்குகளைச் சோதித்தார். எண்ணெய் விடுவதற்காக பேரிங்கின் மேல்பக்கம் ஒரு துளை போட்டார். அச்சு ஓடத் தொடங்கியதும் எண்ணெய் உள்ளே போகாமல் அந்தத் துளை வழியே மேலே பொங்கி வந்தது. தக்கை வைத்து அடைத்தார், அதைத் தள்ளிவிட்டது. மரக்கட்டையை அடித்து இறக்கினார், அதையும் தள்ளிவிட்டது. பிரஷர் கேஜை மாட்டிப் பார்த்தபோதுதான், சுழலும் அச்சு எண்ணெயைத் தனக்கும் பேரிங்குக்கும் நடுவே இழுத்துக்கொண்டு பெரும் அழுத்தத்தை உண்டாக்குவதும், முழுப் பாரமும் அந்த எண்ணெய்ப் படலத்தின் மேல் நிற்பதும் தெரிந்தது. 1886-இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் அதற்குக் கணிதம் எழுதினார். இன்றைக்கும் பேரிங் வடிவமைப்பு அந்தக் கணிதத்தின் மேல்தான் நிற்கிறது.

எண்ணெய் பம்ப் கொடுக்கும் பிரஷர் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்க மட்டுமே. கிராங்கைத் தூக்கிப் பிடிப்பது அது சுழல்வதால் உண்டாகும் பிரஷர். துளை வட்டமாகவும் நேராகவும் இல்லையென்றால் அந்தப் படலம் கிழியும்.

பழைய மெட்டலைப் பார்த்தே நோயைச் சொல்ல முடியுமா?
— மெக்கானிக், காயல்பட்டினம்

பாதியைச் சொல்லலாம். அதனால் கழற்றிய மெட்டலைக் குப்பையில் எறியாதீர்கள். எண் எழுதி வரிசையாக அடுக்குங்கள். நடு மெயினில் மேல் மெட்டல், கீழ் மெட்டல் இரண்டும் சுற்றிலும் தேய்ந்திருந்தால் கிராங்கு வளைந்திருக்கலாம். ஒரே பக்க மெட்டல் மட்டும் தேய்ந்து, அந்தத் தேய்மானம் துளைக்குத் துளை கூடியும் குறைந்தும் இருந்தால் பிளாக்கின் கோடு கோணியிருக்கலாம். மெட்டலின் ஓரத்தில் மட்டும் தேய்மானம் என்றால் ஜர்னல் கூம்பாகத் தேய்ந்திருக்கலாம். முதுகுப்பக்கம் மெட்டல் பளபளவென்று தேய்ந்திருந்தால் அது துளைக்குள் நகர்ந்திருக்கிறது, பிடிப்பு இல்லை.

மீதிப் பாதியை அளவுதான் சொல்லும். கிராங்கை வி-பிளாக்கில் வைத்து நடு ஜர்னலில் டயல் கேஜ் வைத்துச் சுற்றிப் பாருங்கள். கிராங்கு நேர் என்று உறுதியான பிறகே பிளாக்கின் மேல் பழி போடுங்கள்.

மெட்டல் லூசா இருக்குன்னு மெக்கானிக் பின்னாடி பித்தளைத் தகடு வெச்சுட்டாரு. ஓடுது. தப்பா?
— மினி லாரி உரிமையாளர், உடன்குடி

தப்புதான். புது மெட்டலைத் துளையில் வைத்தால் அதன் இரு முனையும் கேப் சேரும் விளிம்புக்கு மேலே மயிரிழை அளவு துருத்தி நிற்கும். கேப்பை முறுக்கும்போது அந்த உபரி நெருங்கி, மெட்டலின் முதுகு முழுவதும் துளைச் சுவரோடு அழுந்தும். மெட்டலைச் சுற்றாமல் பிடித்து வைப்பது அந்த அழுத்தம்தான்; பூட்டுக் காது வெறும் இடம் காட்டும் அடையாளம். சூட்டைப் பிளாக்குக்குக் கடத்துவதும் அதே அழுத்தம். நடுவே தகடு வந்தால் முதுகு சமமாக உட்காராது, சூடு வெளியேறாது, எண்ணெய்த் துளையும் மறையக்கூடும்.

துளைச் சுவரில் பஞ்ச் வைத்துப் புள்ளி குத்துவதும், கேப்பின் முகத்தை அரத்தால் ராவுவதும் இதே வகைத் தப்புகள். ராவினால் மேல்-கீழ் அளவு குறையும், பக்கவாட்டு அளவு அப்படியே நிற்கும், வட்டம் முட்டையாகும். ராவிய கேப்பை மறுபடி கடையாமல் பூட்டக் கூடாது. இப்போது ஓடுகிறது என்று நிம்மதி அடையாதீர்கள். வாய்ப்புக் கிடைத்ததும் பிரித்து அளங்கள்.

கேப்பைத் தேய்க்கக் கூடாதுன்னா, போரிங் கடையில மட்டும் ஏன் கேப்பைத் தேய்க்காங்க?
— பொறியியல் மாணவர், நாசரேத்

நல்ல கேள்வி. அவர்கள் தேய்த்த பிறகு மறுபடி கடைகிறார்கள்; அதுதான் வேறுபாடு. வேலை நடக்கும் வரிசை இது. கேப்பின் சேரும் முகத்தைக் கிரைண்டரில் ஓரிரு தௌ சீராக எடுப்பார்கள். துளை சிறிதாகும். கேப்பைப் பூட்டி, முழு டார்க்குக்கு முறுக்குவார்கள். பிறகு போரிங் தண்டை இரு முனையிலும் தாங்கி நிறுத்தி, துளையைப் பழையபடி ஸ்டாண்டர்டு அளவுக்குக் கடைவார்கள். வெட்டு பெரும்பாலும் கேப்பின் பக்கமே விழ வேண்டும். பிளாக்கின் மேல் பாதியை வெட்டுளி தொட்டும் தொடாமலும் போக வேண்டும். கேப் பாழானால் வேறு கேப் செய்துகொள்ளலாம். பிளாக்கில் வெட்டியதைத் திரும்ப வைக்க முடியாது.

மேல் பாதியைக் கூடுதலா வெட்டிட்டா?
— அதே மாணவர்

கிராங்கின் மையம் சிலிண்டர் ஹெட்டை நோக்கி மேலே போய்விடும். கிராங்குக்கும் கேம் ஷாஃப்டுக்கும் உள்ள தூரம் குறையும். டைமிங் கியர் உள்ள இன்ஜினில் பற்கள் நெருங்கி ஊளையிடும். செயின் உள்ள இன்ஜினில் செயின் தொளதொளக்கும். பிஸ்டன் அந்த அளவுக்கு மேலே ஏறி, டீசல் இன்ஜினில் ஹெட்டோடு இருக்கும் சொற்ப இடைவெளியையும் குறைக்கும். பின் ஆயில் சீலும் கியர் பாக்ஸும் கிராங்கின் மையத்திலிருந்து விலகி நிற்கும். ஓரிரு தௌ வரை பெரும்பாலும் தாங்கும். அதற்கு மேல் போனால் ஒவ்வொன்றையும் அளந்து சரிக்கட்ட வேண்டியிருக்கும். ஆகவே கடைக்காரரிடம் முதலிலேயே கேளுங்கள்: பிளாக்கில் எவ்வளவு எடுப்பீர்கள்?

துளை ரொம்பப் பெருத்துப் போச்சு. பிளாக்கைத் தூக்கிப் போட வேண்டியதுதானா?
— படகு மெக்கானிக், மணப்பாடு

அவசரப்படாதீர்கள். சில இன்ஜின்களுக்கு வெளிவிட்டம் பெரிதான மெட்டல் கிடைக்கும். துளையை அந்த ஓவர் சைஸுக்குக் கடைந்து அதைப் போடலாம். கிராங்கைக் கிரைண்டிங் செய்யும்போது போடும் அண்டர் சைஸ் மெட்டல் வேறு. அதில் உள்விட்டம்தான் மாறும். கடையில் கேட்கும்போது இரண்டையும் குழப்ப வேண்டாம். மெட்டல் கைக்கு வந்த பிறகு போரிங் போடுங்கள். போரிங் போட்டுவிட்டு மெட்டலைத் தேடி அலையாதீர்கள். ஆனால் மெயினைத் தாங்கும் குறுக்குச் சுவரில் விரிசல் இருந்தால் அந்தப் பிளாக்குக்கு ஒரு ரூபாய்கூடச் செலவு செய்ய வேண்டாம்.

எங்க அப்பா காலத்துல ஈயம் காய்ச்சி ஊத்தி மெட்டல் போடுவாங்களாம். இப்ப ஏன் செய்யுததில்லை?
— ஓய்வுபெற்ற ஃபிட்டர், நாசரேத்

அது வெறும் ஈயம் அல்ல ஐயா. வெள்ளீயம், ஆன்டிமனி, செம்பு கலந்த வெள்ளை உலோகம். அமெரிக்கரான ஐசக் பாபிட் 1839-இல் அதற்குக் காப்புரிமை பெற்றார். பிளாக்கிலேயே ஊற்றி, ஆறியதும் கடைந்து, ஜர்னலில் நீலச்சாயம் தடவிப் பதித்து, மேடு தெரிந்த இடத்தைச் சுரண்டியால் சீவிச் சேர்ப்பார்கள். உங்கள் அப்பா காலத்துக் கைத்திறன் பெரிது. நேர்கோட்டை அவர்கள் சுரண்டியாலேயே கொண்டுவந்தார்கள்.

வேகமும் பாரமும் கூடியபோது தடித்த வெள்ளை உலோகம் தாங்கவில்லை. எஃகு முதுகில் மெல்லிய உலோகப் பூச்சு உள்ள ரெடிமேட் மெட்டல் வந்தது. நம் தமிழ்நாட்டிலேயே, அமால்கமேஷன்ஸ் குழுமத்தின் பைமெட்டல் பேரிங்ஸ் நிறுவனம் 1961-இல் தொடங்கி, கோயம்புத்தூரில் அத்தகைய மெட்டல்களைச் செய்துவருகிறது. ரெடிமேட் மெட்டலைச் சீவிச் சேர்க்க முடியாது. துளை எப்படியோ மெட்டலும் அப்படியே உட்காரும். ஆகவேதான் அந்தக் காலத்தைவிட இந்தக் காலத்தில் துளையின் நேர்த்தி முக்கியமாகிவிட்டது.

போரிங் தண்டை ஏன் ரெண்டு முனையிலும் தாங்கணும்?
— ஐ.டி.ஐ. மாணவி, திருச்செந்தூர்

ஒரு முனையில் மட்டும் பிடித்த தண்டு வெட்டும்போது வளையும். இரும்பு வார்ப்பு எங்கே சாய்ந்திருக்கிறதோ அந்தப் பக்கமே போகும். 18-ஆம் நூற்றாண்டில் நீராவி சிலிண்டர் கடைந்தவர்களுக்கு இதுதான் தலைவலி. துளை கோணலாகி நீராவி கசிந்தது. 1775-இல் இங்கிலாந்தின் ஜான் வில்கின்சன், தண்டைச் சிலிண்டருக்குள் முழுதாக ஊடுருவ விட்டு இரு முனையிலும் தாங்கினார். துளை நேரானது. ஜேம்ஸ் வாட்டின் நீராவி இன்ஜின் காகிதத்திலிருந்து களத்துக்கு வந்ததற்கு அந்தக் கடைசலும் ஒரு காரணம். இன்றைய லைன் போரிங் எந்திரத்தில் இடையிலும் தாங்கிகள் வைக்கிறார்கள். அடிப்படை மாறவில்லை.

நாசரேத்துக்கும் இந்த மாதிரித் தொழிலுக்கும் என்ன சம்பந்தம்? ஊர்ல வேலை இல்லைன்னு எல்லாரும் வெளிய போறாவளே.
— ஐ.டி.ஐ. மாணவர், நாசரேத்

நம் ஊருக்கும் கைத்தொழிலுக்கும் உள்ள உறவு ஒன்றரை நூற்றாண்டுப் பழசு தம்பி. 1876-இல் நாசரேத்துக்கு வந்தவர் கானன் ஆர்தர் மர்காஷிஸ். வந்த நேரம் 1876–78 பெரும் பஞ்சம். பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்குச் சோறு போட்டதோடு அவர் நிற்கவில்லை. 1878-இல் கலைத் தொழிற்பள்ளியைத் தொடங்கினார். கையில் ஒரு தொழில் இருந்தால் பிள்ளை யாரிடமும் கையேந்த வேண்டியதில்லை என்ற எண்ணம் அது. 1908-இல் அவர் மறையும்வரை இந்த ஊருக்கே உழைத்தார். மேல்நிலைப்பள்ளி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

வெளியே போவது தவறல்ல. கப்பலிலும் வளைகுடா நாடுகளிலும் வேலை பார்ப்பவர்களால் நம் பக்கம் எத்தனையோ குடும்பங்கள் தலைநிமிர்ந்திருக்கின்றன. ஆனால் போகும் முன் அளக்கக் கற்றுக்கொண்டு போ. இன்ஜினைப் பிரிக்கத் தெரிந்தவர்கள் நிறையப் பேர். போர் கேஜைச் சரியாக நிறுத்தி, ஒரே துளையை இரண்டு முறை அளந்து ஒரே எண்ணைச் சொல்பவர்கள் குறைவு. அந்தக் குறைவான கூட்டத்தில் சேர்ந்துவிடு. தூத்துக்குடித் துறைமுகமும் உன்னைத் தேடும், துபாயும் தேடும்.

உப்பளத்துல ஓடுத ஒத்தை சிலிண்டர் இன்ஜினுக்கும் லைன் போரிங் உண்டா?
— உப்பளக்காரர், ஆறுமுகநேரி

பெரும்பாலும் தேவைப்படாது. அதில் கிராங்கின் இரு முனையில் மட்டும் பேரிங் இருக்கும். பல மாடல்களில் அவை தனி ஹவுசிங்கில் வந்து பிளாக்கில் பூட்டப்படும். பேரிங் ஹவுசிங் லூசா, கிராங்கின் முன்பின் ஆட்டம் அளவில் இருக்கிறதா என்று பாருங்கள். உப்புக் காற்றில் ஓடும் இன்ஜின் என்பதால் ஏர் ஃபில்டரையும் எண்ணெயையும் கெடு தவறாமல் மாற்றுங்கள்.

எண்ணெய் பால் மாதிரி வெளுத்திருக்கு. மெட்டலுக்கு ஆபத்தா?
— படகு ஓட்டுநர், புன்னைக்காயல்

பெரிய ஆபத்து. எண்ணெயில் தண்ணீர் கலந்திருக்கிறது. கடல்தண்ணீர் என்றால் இன்னும் மோசம். உப்பு மெட்டலின் பூச்சையும் ஜர்னலின் வழவழப்பையும் அரிக்கும். அந்த எண்ணெயோடு ஒரு நாள்கூடக் கடலுக்குப் போக வேண்டாம். ஆயில் கூலர், ஹெட் கேஸ்கட், லைனர் ரிங் மூன்றையும் பாருங்கள். கசிவை அடைக்காமல் எண்ணெயை மட்டும் மாற்றினால் புது எண்ணெயும் வெளுக்கும்.

லைன் போரிங் முடிஞ்சு பூட்டியும் பின் மெயின் சீக்கிரமே போயிருச்சு. ஏன்?
— படகு உரிமையாளர், தூத்துக்குடி

இன்ஜினை விட்டுவிட்டு அதற்குப் பின்னால் பாருங்கள். கப்ளிங்கும் புரொப்பல்லர் தண்டும் ஒரே கோட்டில் இல்லையென்றால் கியர் பாக்ஸுக்கும் பின் மெயினுக்கும் ஓயாத அடி விழும். கரையில் ஏற்றி வைத்திருக்கும்போது சரி பார்த்தது போதாது. படகு தண்ணீரில் இறங்கியதும் அதன் உடல் சற்று மாறி அமரும். மிதக்கும்போது கப்ளிங்கின் போல்ட்டைக் கழற்றி, இரு முகத்துக்கும் இடையே நான்கு பக்கமும் ஃபீலர் கேஜ் வைத்து மறுபடி பாருங்கள்.

போரிங் முடிஞ்சு பிளாக் வந்தாச்சு. அப்படியே பூட்டலாமா?
— மெக்கானிக், தூத்துக்குடி

கூடாது. முதலில் கழுவுங்கள். எண்ணெய் ஓடும் வழிகளின் பிளக் எல்லாவற்றையும் கழற்றி, நீளப் பிரஷ் விட்டு, சோப்புக் கலந்த வெந்நீரில் தேய்த்து, காற்றடித்து, துரு ஏறும் முன் எண்ணெய் பூசுங்கள். வெட்டிய இரும்புத் துகள் ஒன்று உள்ளே தங்கினாலும் முதல் ஸ்டார்ட்டிலேயே மெட்டலில் பதியும்.

அடுத்து, கிராங்கை இறக்கி, நடுவிலிருந்து இரு பக்கமும் கேப்பை ஒவ்வொன்றாக முறுக்குங்கள். ஒரு கேப் முறுக்கியதும் கிராங்கைக் கையால் சுற்றிப் பாருங்கள். பிஸ்டன் மாட்டாத கிராங்கு கையிலேயே தடையில்லாமல் சுற்ற வேண்டும். எந்தக் கேப்பை முறுக்கும்போது இறுகுகிறதோ அங்கே பழுது. பிளாஸ்டிகேஜ் இழை வைத்து இடைவெளியையும் பார்த்துவிடுங்கள். கிராங்கு இறுகினால் "ஓட ஓடச் சரியாகிவிடும்" என்று சொல்பவரை நம்பாதீர்கள். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எண்ணெய்ப் பிரஷர் கேஜில் ஏறும்வரை டீசலை நிறுத்தி வைத்துச் சுற்றுங்கள்.

அண்ணாச்சி, படகு இன்ஜின் வேலைக்காக நகையை அடகு வைக்கணும்னு வீட்டுக்காரங்க சொல்லுதாங்க. எனக்கு இன்ஜின் பத்தி ஒண்ணும் தெரியாது. நான் என்ன கேக்கணும்?
— மீனவர் குடும்பத்துப் பெண், தூத்துக்குடி

அம்மா, கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டிருக்கிறீர்கள். நகை பெட்டியை விட்டு வெளியே வரும் முன் மூன்று பதில்கள் உங்கள் கைக்கு வர வேண்டும். பிளாக்கில் விரிசல் இருக்கிறதா? கிராங்கு நேராக இருக்கிறதா? மெயின் துளைகளின் அளவு என்ன? மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள். அளப்பதற்கு ஆகும் கூலி சிறிது; அளக்காமல் செய்யும் செலவுதான் பெரிது. விரிசல் என்றால் பழைய பிளாக்கில் பணத்தைப் போடாமல் மாற்றுப் பிளாக் பார்க்கச் சொல்லுங்கள். அளவுகள் சரி என்றால் போரிங் செலவே இல்லை. அளவு தவறியிருந்தால் வேலையைச் செய்யச் சொல்லுங்கள். அதற்காகப் போடும் பணம் வீணாகாது.

கடைசியா, போரிங் கடையைத் தேர்ந்தெடுக்க ஒரே வரியில ஒரு வழி சொல்லுங்க.
— டிராக்டர் உரிமையாளர், ஏரல்

வேலைக்கு முன்னும் பின்னும் அளவை எழுதித் தருகிற கடைக்குப் போங்கள்.

ஒரே வரி கேட்டீர்கள், கொடுத்துவிட்டேன். தடைக்காலத்தை நம்பியிருக்கும் எல்லோருக்கும் இன்னும் ஒரு வேண்டுகோள். ஜூன் முதல் வாரத்தில் பிளாக்கைத் தூக்கிக்கொண்டு ஓடாதீர்கள். அப்போது எல்லாக் கடையிலும் கூட்டம். அவசரத்தில் கேப்பை முறுக்காமல் அளப்பார்கள், கழுவாமல் அனுப்புவார்கள். ஏப்ரலிலேயே பிரியுங்கள், அந்த வாரமே அளங்கள், 21 எண்ணையும் எழுதிய தாளைப் படகுக் கணக்கு நோட்டில் ஒட்டி வையுங்கள். அடுத்த முறை இன்ஜினைப் பிரிக்கும்போது எந்தத் துளை எவ்வளவு மாறியிருக்கிறது என்று அந்தத் தாளே சொல்லும்.